2 மில்லிமீட்டரில் ஓர் எஞ்சினின் உயிர்!

பிஸ்டன் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்க்கும் நம்மவர்களுக்கும் வாங்கல் எஞ்சின் என்பது பெரும்பாலும் புத்தகத்தில் வரும் ஒரு படம்தான். முக்கோண ரோட்டார், எட்டு வடிவ ஹவுசிங், வால்வு கிடையாது, கனெக்டிங் ராட் கிடையாது என்று நாலு வரி எழுதுவோம். கடைசியில் "குறைபாடு: ஸீலிங் கடினம்" என்று ஒரு வரி சேர்த்தால் ஐந்து மார்க். அந்தக் கடைசி வரிக்குள் எத்தனை பேருடைய தூக்கமும் பணமும் போயிருக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். குறிப்பாக, டர்போ பொருத்திய ரோட்டரி எஞ்சினைத் திரும்பக் கட்டும்போது ஏபெக்ஸ் ஸீலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற விஷயம்.

ஏபெக்ஸ் ஸீல் என்றால் முனை அடைப்பான். ரோட்டாரின் மூன்று முனைகளிலும் ஒரு காடி வெட்டி, அதில் ஓர் உலோகப் பட்டையைச் செருகி, அடியில் ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். பிஸ்டனுக்கு ரிங் எப்படியோ, ரோட்டாருக்கு இது அப்படி. ஆனால் பிஸ்டனில் ஒரு ரிங் விட்டதை அடுத்த ரிங் பிடிக்கும். இங்கே ஒரே கோடுதான். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எரியும் வாயு, அந்தப் பக்கம் அடுத்த அறை. ஸீல் கொஞ்சம் தவறினால் இரண்டு அறையும் போச்சு!

வரலாறு கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. பெலிக்ஸ் வாங்கலின் எஞ்சின் ஜெர்மனியில் என்.எஸ்.யு. நிறுவனத்தில் 1957-ல் முதலில் ஓடியது. ஜப்பானின் மாஸ்டா லைசென்ஸ் வாங்கி வந்து ஓட்டிப் பார்த்தால், ஹவுசிங் உட்சுவரில் துணி துவைக்கும் கல்லைப் போல வரிவரியாகத் தழும்பு விழுந்தது. "பிசாசின் நகக் கீறல்" என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் இருந்த பொறியாளர்கள் கண்டுபிடித்தது என்னவென்றால், கோளாறு ஸீலின் தேய்மானத்தில் இல்லை, அதன் அதிர்வில் இருக்கிறது! ஸீலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு அதிர்வெண்ணை மாற்றியதும் தழும்பு மறைந்தது. பிறகு அலுமினியம் ஊட்டிய கார்பன் ஸீலோடு 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது. அதே வருஷம் வந்த என்.எஸ்.யு. ஆர்.ஓ. 80 காரின் எஞ்சின்களோ ஸீல் கோளாறால் சீக்கிரமே திரும்பி வந்தன; வாரண்ட்டியில் மாற்றிக் கொடுத்தே நிறுவனம் ஓய்ந்து, 1969-ல் வோல்க்ஸ்வாகன் கைக்குப் போனது. ஒரு பட்டை ஒரு கம்பெனியையே சாய்க்கும் என்றால் நம்பத்தான் வேண்டும்.

சரி, நாம் எடுத்துக்கொள்ளும் எஞ்சின் மாஸ்டாவின் 13பி. ஆர்.எக்ஸ்-7 கார்களில் டர்போவோடு வந்தது. 2002-ல் அந்தக் கார் நின்றுவிட்டாலும் ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா என்று பல ஊர்களில் இந்த எஞ்சினை இன்றும் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு ரோட்டார், அறைக்கு 654 சி.சி., மொத்தம் ஆறு ஏபெக்ஸ் ஸீல். ரோட்டார் ஆரம் 105 மி.மீ., எக்சென்ட்ரிசிட்டி 15 மி.மீ., ரோட்டார் அகலம் 80 மி.மீ. இந்த மூன்று எண் போதும், கால்குலேட்டரை எடுங்கள்.

ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றினால் ரோட்டார் ஒரு சுற்று. ஷாஃப்ட் 8000 ஆர்.பி.எம். என்றால் ரோட்டார் 2667. ஹவுசிங்கின் நீண்ட அச்சு முனையில் ஸீலின் வேகம் ஆரத்தோடு மூன்று மடங்கு எக்சென்ட்ரிசிட்டியைக் கூட்டிப் பெருக்கினால் கிடைக்கும்; கிட்டத்தட்ட விநாடிக்கு 42 மீட்டர். இடுப்புப் பகுதியில் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும். 17 மீட்டருக்குக் குறைகிறது. ஒரே சுற்றில் இத்தனை ஏற்ற இறக்கம். போதாததற்கு, சுவரோடு ஸீல் சாயும் கோணமும் இரண்டு பக்கமும் 25 டிகிரி வரை மாறிக்கொண்டே இருக்கிறது.

இதைவிட சுவாரஸ்யமானது விசைக் கணக்கு. 2 மி.மீ. தடிமன், 8 மி.மீ. உயரம், 80 மி.மீ. நீளமுள்ள இரும்பு ஸீல் சுமார் 9 கிராம் எடை. 8000 ஆர்.பி.எம்.மில் நீண்ட அச்சு முனையில் இந்த 9 கிராம் ஏறக்குறைய 17 கிலோ விசையோடு சுவரை அழுத்துகிறது. அதே ஸீல் இடுப்புக்கு வரும்போது விசை திசை மாறி, சுமார் 2 கிலோ அளவுக்கு சுவரை விட்டு உள்ளே இழுக்கிறது! "சுற்றுகிற பொருள் எப்போதும் வெளியேதானே போகும்" என்று சொல்வோம் இல்லையா, அது இங்கே செல்லாது. ரோட்டாரின் மையமே வட்டமடிப்பதால் வரும் வினை இது. அந்த இடத்தில் ஸீலைச் சுவரோடு ஒட்டவைப்பது அடியிலுள்ள ஸ்பிரிங்கும், காடிக்குள் நுழைந்து கீழிருந்து தள்ளும் வாயு அழுத்தமும்தான். எடை கூடினால் இரண்டு எண்ணும் கூடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தடித்த ஸீல் பற்றிப் பேசும்போது வேண்டும்.

டர்போ வந்தால் என்ன ஆகிறது? அழுத்தமும் சூடும் கூடும் என்பது தெரிந்ததே. ஸீல் அதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். தாங்காதது நாக்கிங். ரோட்டரி எஞ்சினின் எரியறை நீளமாக, ஒல்லியாக, நகர்ந்துகொண்டே இருக்கும். சுழலும் திசையில் தீ வேகமாகப் பரவும். பின்கோடியில் எரியாத கலவை மிச்சமிருக்கும். பெட்ரோல் குறைந்தாலோ, இக்னிஷன் முந்தினாலோ, உள்ளே போகும் காற்று சூடாக இருந்தாலோ அந்த மிச்சம் தானாக வெடிக்கிறது. அந்த அடியை நேராக வாங்குவது பின்கோடி ஸீல். பிஸ்டன் எஞ்சின் கொஞ்ச நேரம் 'டக டக' என்று சத்தம் போட்டு எச்சரிக்கும், நாமும் காலைத் தூக்கிவிடலாம். டர்போ ரோட்டரியில் ஓரிரு அடியே போதும். உடைந்த துண்டு ஹவுசிங்கின் குரோம் பூச்சைக் கீறி, ரோட்டார் முகத்தில் பள்ளம் போட்டு, எக்ஸாஸ்ட் வழியே போய் டர்போவின் டர்பைன் இறக்கையையும் தின்றுவிட்டுத்தான் வெளியேறும். ஒரு பட்டை போய் மூன்று பெரிய செலவு!

"அப்படியானால் உடையாத ஸீல் போட்டால் முடிந்ததே?" என்று கேட்பீர்கள். எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றி வைக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஃபியூஸ் போகாது, வயரிங் போகும். ஸீல் தேர்வு என்பதும் ஒரு வகையில், எது முதலில் போகலாம் என்று நாமே முடிவு செய்வதுதான்.

கம்பெனி ஸீல் வார்ப்பிரும்பு. தலைப்பகுதியை மட்டும் எலக்ட்ரான் கற்றையால் உருக்கிக் கெட்டியாக்கியிருப்பார்கள். ஹவுசிங்கின் குரோம் பூச்சோடு இது நன்றாக ஒத்துப்போகும், சீக்கிரம் பழகும், கம்ப்ரஷன் பிடிக்கும், சுவரையும் தின்னாது. குறை, வார்ப்பிரும்பின் பிறவிக் குணம்: வளையாது, உடையும். கார் வெளிவந்தபோது இருந்த சுமார் 0.7 கிலோ பூஸ்ட்டுக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலுக்கும், ட்யூனிங் ஒழுங்காக இருந்தால் இதுவே போதும். என் கட்சியும் இதுதான். பூஸ்ட் ஏற்றுமுன் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், இன்டர்கூலர் ஆகியவற்றுக்குச் செலவு செய்யாமல் ஸீலுக்கு மட்டும் செலவு செய்வது, கூரை ஒழுகும்போது பாத்திரம் வாங்குவது மாதிரி.

அடுத்தது, வெளியார் செய்து விற்கும் எஃகு ஸீல். கலவையும் வெப்பப் பதமும் ஆளுக்கு ஆள் வேறு. பொதுவான குணம், அடிபட்டால் நொறுங்காமல் வளையும். வளைந்த ஸீல் காடிக்குள் மாட்டிக்கொண்டு கம்ப்ரஷன் போகும், எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும். ஆனால் துண்டு பறக்காததால் ஹவுசிங்கும் டர்போவும் பெரும்பாலும் தப்பிக்கும். பூஸ்ட்டை 1 கிலோவுக்கு மேலே ஏற்றி, கம்ப்யூட்டர் மேப்பை இன்னும் சரிசெய்துகொண்டிருக்கும் வண்டிக்கு இது நியாயமான தேர்வு. விலை வேறு விதத்தில் கொடுக்க வேண்டும்: குரோம் மேல் எஃகு உரசுவதால் எண்ணெய் தாராளமாக வேண்டும். எஞ்சினிலுள்ள மீட்டரிங் ஆயில் பம்ப் போதாது என்று, டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குக் கலப்பது போலப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலப்பார்கள். ரொம்பக் கெட்டியான எஃகாக இருந்தால் ஸீல் அப்படியே இருக்க, ஹவுசிங் தேயும். ஸீலை எளிதில் மாற்றலாம், நல்ல ஹவுசிங் கிடைப்பது அருமை. எனவே கடினத்தன்மை எண் பெரிதாக இருக்கிறதே என்று மயங்கக் கூடாது.

மூன்றாவது, 3 மி.மீ. ஸீல். 13பி-யில் 1985 வரை கம்பெனியே 3 மி.மீ. ஸீல்தான் போட்டது, 1986 முதல் 2 மி.மீ. இப்போதுள்ள ரோட்டாரின் காடியை மில்லிங்கில் அகலப்படுத்தினால் பழைய தடிமனுக்குப் போகலாம். நம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடப்படி வளைவு வலிமை தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும், எனவே 2.25 மடங்கு. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எடையும் ஒன்றரை மடங்கு. முன்பு சொன்ன 17 கிலோ 26 ஆகும், உள்ளே இழுக்கும் 2 கிலோ 3-க்கு மேல் போகும். உயர் வேகத்தில் ஸீல் சுவரை விட்டுத் துள்ளும் வாய்ப்பும் உராய்வும் கூடும். காடியின் சுவரும் மெலிந்துபோகும். மில்லிங் துல்லியமாக இல்லாவிட்டால் ரோட்டாரே வீண். காடி ஏற்கெனவே தேய்ந்து அகன்றுவிட்ட ரோட்டாரைக் காப்பாற்ற இது நல்ல வழி. நல்ல ரோட்டாரை இதற்காக வெட்டுவதை நான் ஒப்பமாட்டேன். மாஸ்டாவே 2023-ல் மின்சாரக் காரின் ஜெனரேட்டருக்கென்று கொண்டுவந்த 830 சி.சி. ஒற்றை ரோட்டார் எஞ்சினில் நடுவழியாக 2.5 மி.மீ. வைத்தது.

கார்பன் ஸீலை டர்போவுக்குப் பேச வேண்டாம், அடி தாங்காது. பீங்கான் ஸீல் கனவுப் பொருள். 1991-ல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரின் நாலு ரோட்டார் எஞ்சினில் இருந்தது இதுதான். சிலிக்கன் நைட்ரைடின் எடை இரும்பில் பாதிக்கும் குறைவு என்பதால் நம் கணக்கிலுள்ள எல்லா விசையும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். ஆனால் கவனியுங்கள், அந்தக் காரில் டர்போ கிடையாது, ஹவுசிங் பூச்சும் சாதா குரோம் அல்ல. சூட்டில் அலுமினிய ஹவுசிங் விரியும் அளவுக்குப் பீங்கான் விரியாது, அதனால் ஓர இடைவெளியைக் கணக்குப் பார்த்து வைக்க வேண்டும். விலையோ, ஒரு செட்டைக் கேட்டாலே தலை சுற்றும்.

எதைத் தேர்ந்தாலும் அளவெடுக்காமல் மாட்டினால் பயனில்லை. காடிக்கும் ஸீலுக்கும் இடைவெளி 0.15 மி.மீ. தாண்டினால் கம்பெனிக் கணக்கில் அந்த ரோட்டார் தள்ளுபடி. ஸீலைக் காடியின் முழு நீளத்துக்கும் ஓட்டிப் பாருங்கள். எங்கும் பிடிக்கக் கூடாது. ஸ்பிரிங்கைப் பழையதாகப் போடவே கூடாது, சூட்டில் தளர்ந்திருக்கும். ஹவுசிங்கில் நகத்தை ஓட்டினால் வரி தட்டுகிறதா, ஓரத்தில் குரோம் உரிந்திருக்கிறதா என்று பார்க்காமல் விலையுயர்ந்த ஸீல் வாங்குவது வீண்.

கட்டி முடித்து, முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பூஸ்ட் இல்லாமல் ஓட்டிப் பழக்கியபின் கம்ப்ரஷன் பாருங்கள். சாதா கேஜ் மூன்று அறைகளில் உயர்ந்ததை மட்டும் காட்டி ஏமாற்றும். அதன் வால்வை எடுத்துவிட்டு முள்ளின் துள்ளலைக் கவனிக்க வேண்டும், அல்லது ரோட்டரிக்கென்று உள்ள டெஸ்டர் வேண்டும். 250 ஆர்.பி.எம்.மில் 6 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது, ஒரே ரோட்டாரின் அறைகளுக்குள் வித்தியாசம் 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது. முள் ஒரு தரம் நன்றாகத் துள்ளி, இரண்டு தரம் சோர்ந்தால், அந்த இரண்டு சோம்பேறி அறைகளுக்கும் நடுவே நிற்கும் ஸீல்தான் குற்றவாளி.