பூனையும் உண்ணியும்

சங்கங்களின் இருப்புப் பதிவேடுகளைச் சரிபார்க்கும்போது நாம் அடிக்கடி காணும் குறிப்பு ஒன்று உண்டு. "எலி கடித்துச் சேதம்" என்பதே அது. பாவுக்கு இடும் கஞ்சியின் மணம் எலியை அழைத்து வருகிறது. தறியில் ஏற்றிய பாவை அது ஓர் இரவு கடித்துவிட்டால், அறுந்த இழைகளை முடிவதிலேயே நெசவாளரின் கூலி நாட்கள் கழிந்துவிடும். உழவர் இல்லத்திலோ பத்தாயத்து நெல்லும் விதை நெல்லும் அதற்கு இரையாகின்றன. இவ்விரு தொழிலாளர்க்கும் ஊதியம் பெறாமல் காவல் புரியும் உயிர் பூனையே. ஆகவே அதன் உடல்நலம் குறித்து இவ்விதழில் எழுதுவது பொருத்தமற்றதாகாது.

சில ஆண்டுகளுக்கு முன், நிரவிப் பக்கம் ஓர் அங்கத்தினர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய பூனையின் காதோரத்தில் உண்ணிகள் ஒட்டியிருந்தன. கறவை மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தில் மீதி இருந்தது. அதை நீரில் கலந்து, அன்போடுதான், பூனையின் உடலெங்கும் தடவினார். மாலைக்குள் அதன் வாயில் நுரை தள்ளியது; உடல் நடுங்கியது; விடிவதற்குள் இறந்தது. உண்ணி அதைக் கொல்லவில்லை, மருந்துதான் கொன்றது. அன்று நமக்கும் அது தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் தடுத்திருப்போம்.

உண்ணி நோய் பரப்பும் என்பது 1893-ஆம் ஆண்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. அமெரிக்க நாட்டில் மாடுகளை மடியச் செய்த காய்ச்சலை உண்ணியே கொண்டு செல்கிறது என்று தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் ஆகிய இருவரும் நிலைநாட்டினர். நம் நாட்டில் 1957-இல் மைசூர்ப் பகுதியின் சிமோகா மாவட்டத்தில் குரங்குகள் மடிந்து, மனிதரும் காய்ச்சலுக்கு ஆளாயினர். கியாசனூர்க் காட்டின் பெயரால் வழங்கும் அந்நோயைப் பரப்புவதும் உண்ணியே. அமெரிக்காவில் பூனைகளை விரைவில் கொல்லும் ஓர் உண்ணிக் காய்ச்சல் 1976-இல் அறிவிக்கப்பட்டது. அதைப் பற்றிய செய்திகளைக் கைப்பேசியில் படித்து நம்மவர் கலங்க வேண்டியதில்லை. அதைப் பரப்பும் உண்ணியினம் அமெரிக்கக் கண்டத்திற்கு உரியது. நம் ஊரில் பூனைமேல் ஏறுவது பெரும்பாலும் நாயுண்ணியாகும். அதனால் நாய்கள் நோயுறும் அளவுக்குப் பூனைகள் நோயுறுவதில்லை. ஆயினும் குருதியைத் தாக்கும் கிருமிகள் பூனைக்கும் வரக்கூடும். உண்ணிகள் மிகுந்தால் குட்டிகள் இரத்தம் குன்றி நலியும்.

நாயுண்ணியின் வாழ்க்கையை அறிந்தால் தடுப்பது எளிது. அது தன் வாழ்நாளில் பெரும்பகுதியை விலங்கின் உடலில் அன்று, நம் வீட்டுச் சுவரிலேயே கழிக்கிறது. இளம் பருவங்கள் இரண்டிலும் வளர்ந்த பருவத்திலும் ஒவ்வொரு முறை குருதி குடித்து, ஒவ்வொரு முறையும் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் திண்ணை இடுக்கிலும் கூரையிலும் ஒளிகிறது. பெண் உண்ணி நாலாயிரம் முட்டைகள் வரை இடும். உணவின்றியும் மாதக்கணக்கில் உயிர் தாங்கும். காவிரிக் கடைமடையின் வெப்பமும் ஈரமும் அதற்கு மிகவும் ஏற்றவை. ஆகவே பூனையை மட்டும் துடைத்துவிட்டு வெடிப்புகளை விட்டுவைத்தல் வீண் உழைப்பாகும். வெடிப்புகளைப் பூசி அடைத்தலும், நாயும் பூனையும் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் துவைத்தலும், கொல்லையின் புதரை வெட்டுதலும் முதற்கடன்.

அடுத்தது, நாள்தோறும் பூனையைத் தடவிப் பார்த்தல். தன் நாவுக்கு எட்டும் இடங்களிலுள்ள உண்ணிகளைப் பூனை தானே நீக்கிக்கொள்ளும். எட்டாத இடங்களாகிய காது, தலை, கழுத்து, மோவாய் ஆகியவற்றையும் விரலிடுக்குகளையும் நாம் பார்த்தல் வேண்டும். உண்ணியைக் கண்டால் நுண்ணிய முனையுள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராகவும் மெதுவாகவும் இழுக்க வேண்டும். நெருப்பால் சுடுவதும் எண்ணெய் ஊற்றுவதும் கூடா. விரலால் நசுக்கவும் ஆகாது. சாராயத்தில் இட்டுக் கொன்று, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

மூன்றாவதாக, மருந்து. இங்கேதான் உயிருக்கே அபாயம். சில நஞ்சுகளை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. மாட்டுக்கும் நாய்க்கும் பயன்படும் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் முதலியவற்றைப் பூனைக்கு இடலாகாது. பெர்மெத்ரின் இட்ட நாயோடு மருந்து உலருமுன் பூனை உராய்ந்து படுப்பதும் தீங்கே. மண்ணெண்ணெய், கற்பூரத் தைலம், யூகலிப்டஸ் தைலம் ஆகியவையும் வேண்டா. உடலில் பட்டதையெல்லாம் பூனை நக்கி விழுங்கிவிடும். பிப்ரோனில் என்னும் மருந்து பூனைக்கென்றே தனி அளவில் சொட்டாகக் கிடைக்கிறது. அதே பெயரில் நெற்பயிரின் குருத்துப்புழுவுக்குக் குருணை மருந்தும் உண்டு. பெயர் ஒன்றாயினும் வயலுக்கு உரியது பூனைக்கு ஆகாது. மருத்துவர் எடை பார்த்துக் கூறும் அளவை, நக்க முடியாத பிடரியில், மயிரை விலக்கித் தோலின்மேல் இட வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டிகளுக்குச் சீப்பும் இடுக்கியுமே போதும்.

தவறான மருந்து பட்டுப் பூனை நடுங்கினால், வெதுவெதுப்பான நீரில் மென்மையான சவர்க்காரம் கொண்டு கழுவி, துணியால் போர்த்தி, காலந் தாழ்த்தாது கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. பூனை உண்ணாது சோர்ந்து, ஈறு வெளிறி அல்லது மஞ்சளித்து, உடல் கொதித்தாலும் அவ்வாறே செய்க. காய்ச்சல்தானே என்று பாராசிட்டமால் கொடுக்க வேண்டா. ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லக்கூடும். மேல் பரிசோதனை தேவைப்படுமாயின், தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு அண்மையிலேயே இருக்கிறது.

இறுதியாக ஒன்று. ஒரு வீட்டார் மட்டும் உண்ணியை ஒழித்தால் அடுத்த வீட்டு நாய் அதைத் திரும்பக் கொண்டுவரும். தெரு முழுவதும் ஒரே நாளில் செய்தால்தான் பலன் நிலைக்கும். சங்கத்தின் பெயரால் கால்நடை மருத்துவரை ஒரு நாள் அழைத்து, மாட்டுக்கு மாட்டு மருந்தும் நாய்க்கு நாய் மருந்தும் பூனைக்குப் பூனை மருந்தும் மொத்தமாக வாங்கி, அவர் முன்னிலையிலேயே இடலாம். செலவும் குறையும், தவறும் நேராது. தனியொருவரால் ஆகாததைப் பலர் கூடிச் செய்வதற்கன்றோ நாம் சங்கம் வைத்திருக்கிறோம்? அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.