சூரியனை அடைத்தலும் சாம்பலைப் புதைத்தலும்

அணுமின் நிலையம் என்ற பேச்சு எழுந்தாலே நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் வரும். ஒன்று, "வெடித்துவிடாதா?" மற்றது, "அதன் கழிவை எங்கே போடுவார்கள்?" முதற் கேள்விக்குச் செர்னோபில், புகுஷிமா என்று பெயர்களைச் சொல்லிப் பலரும் நீண்ட நேரம் பேசுவார்கள். இரண்டாவது கேள்வியோடு பேச்சு நின்றுவிடும். என் எண்ணத்தில் இரண்டாவதுதான் கடினமான கேள்வி. அணுமின் திட்டம் ஒன்றுக்கு இலங்கை எவ்வளவு தூரம் ஆயத்தமாக இருக்கிறது என்று 2022 இல் சர்வதேச அணுசக்தி முகவராண்மையின் நிபுணர் குழு ஒன்று ஆராய்ந்தது. ஆகவே இது வெளிநாட்டவருக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல.

இன்று உலகில் மின்சாரம் தரும் அணு உலைகள் எல்லாவற்றிலும் நடப்பது கருப்பிளவு. யுரேனியத்தின் பாரமான கரு உடைகிறது. உடையும்போது வெப்பம் வெளிவருகிறது. எரிந்து முடிந்த எரிபொருளில் பலவகைக் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருட்கள் மிஞ்சுகின்றன. அவற்றுள் ஒன்றான புளூத்தோனியம் 239 இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 24,100 ஆண்டுகள். அதாவது, இன்று புதைப்பதில் பாதி 24,100 ஆண்டுகளின் பின்னரும் அப்படியே இருக்கும். அநுராதபுரத்தின் வரலாறே இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் புரியும்.

விஞ்ஞானிகள் இதற்கு இரண்டு பக்கங்களில் விடை தேடுகிறார்கள். நீண்ட ஆயுளுள்ள சாம்பலை விடாத வேறொரு நெருப்பைக் கண்டுபிடிப்பது ஒன்று. இருக்கும் சாம்பலை நீரும் மனிதனும் தீண்டாத பாறையில் புதைப்பது மற்றது. முதலாவதற்குப் பல கோடிப் பாகை வெப்பமுள்ள வாயுவின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய வேண்டும். இரண்டாவதற்குப் பல நூறு மீற்றர் ஆழத்துப் பாறையின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய வேண்டும். இரண்டும் மனிதன் உள்ளே புகுந்து பார்க்க முடியாத இடங்கள்.

அந்த வேறொரு நெருப்பு சூரியனில் எரிகிறது. அங்கே நடப்பது கருப்பிணைவு. ஐதரசன் கருக்கள் ஒன்றுசேர்ந்து ஈலியமாகின்றன. பூமியில் இதைச் செய்ய ஐதரசனின் சமதானிகளான தூதேரியத்தையும் திரித்தியத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். சூரியனின் மையத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 1.5 கோடிப் பாகை செல்சியஸ். ஆனால் அங்கே சூரியனின் சொந்த எடையே வாயுவை நெருக்கிப் பிடித்திருக்கிறது. நம்மிடம் அந்த எடை இல்லை. எனவே 15 கோடிப் பாகை வரை சூடாக்க வேண்டியிருக்கிறது. அந்த வெப்பத்தில் அணுக்கள் கருக்களாகவும் இலத்திரன்களாகவும் பிரிந்து பிளாஸ்மா என்ற நிலையை அடைகின்றன. அதைத் தாங்கும் பாத்திரம் எந்த உலோகத்திலும் இல்லை. ஆனால் ஏற்றமுள்ள துணிக்கைகள் காந்தப்புலத்தில் வளைந்து செல்லும் என்று உயர்தரப் பௌதிகவியலில் படிக்கிறோம் அல்லவா? அந்த விதியை வைத்து வளைய வடிவான ஒரு காந்தக் கூட்டைச் செய்தார்கள் ரஷ்யர்கள். அதற்கு டோக்காமக் என்று பெயர்.

கூடு கிடைத்தது. ஆனால் வெப்பம் கூட்டில் தங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்ததைவிடப் பல மடங்கு வேகமாக அது வெளியே கசிந்தது. காரணம் கொந்தளிப்பு.

இதை விளங்கிக்கொள்ள அடுப்படிக்குப் போனால் போதும். சுடச்சுட ஊற்றிய தேநீரில் பாலை மெல்ல விட்டுச் சும்மா வைத்தால் கலக்க நேரமெடுக்கும். கரண்டியால் ஒரு சுழற்று சுழற்றினால் சில நொடிகளில் கலந்துவிடும். கலப்பது பாலும் தேநீரும் மட்டுமல்ல, சூடும் குளிரும்தான். பிளாஸ்மாவிலும் இப்படித்தான். நடுவில் கோடிக்கணக்கான பாகை, ஓரத்தில் அதைவிட மிகக் குறைவு. இந்தப் பெரிய வித்தியாசமே கரண்டியாகிவிடுகிறது. ஆற்றில் சுழிகள் எழுவதுபோலச் சின்னச் சின்னச் சுழிகள் எழுந்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியேயும் வெளியிலிருக்கும் குளிரை உள்ளேயும் தள்ளுகின்றன. இன்னும் சூடாக்கினால் வித்தியாசம் கூடும். வித்தியாசம் கூடினால் கொந்தளிப்பும் கூடும். அதிகமாகச் சமைக்கச் சமைக்கப் பானையே அதிகமாக ஒழுகுவது போன்ற தொல்லை இது.

பானையைப் பெரிதாக்குவது ஒரு பரிகாரம். நோன்பு காலத்தில் பள்ளிவாசலில் காய்ச்சும் கஞ்சி பெரிய கிடாரத்தில் மஃரிப் வரை சுடச்சுட இருக்கும். அஸருக்குப் பின் வாளியில் வாங்கிவந்து கிண்ணத்தில் ஊற்றி வைத்தது நோன்பு திறக்குமுன் ஆறிப்போய்விடும். சூடு மையத்திலிருந்து ஓரத்துக்கு வரவேண்டிய தூரம் கூடினால் அது தங்கும் நேரமும் கூடும். தெற்குப் பிரான்சில் கடராஷ் என்ற இடத்தில் எழுந்துவரும் 'ஈட்டர்' என்ற டோக்காமக் இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு இதுவே முக்கிய காரணம். அதைச் சுற்றி மூடும் உருக்குக் கூடு ஏறத்தாழ 30 மீற்றர் உயரம், 3,850 தொன் நிறை. அதன் பாகங்கள் செய்யப்பட்டது நம் அயல்நாட்டில், குஜராத்தின் ஹசிரா என்ற ஊரில்.

இந்தியாவுக்கு இந்தத் துறை புதிதல்ல. காந்திநகருக்கு அருகே பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று இருக்கிறது. அதைக் கட்டியெழுப்பியவர் பிரதிமன் கிருஷ்ண காவ் என்ற காஷ்மீரத்து விஞ்ஞானி. அவர் டில்லி ஐ.ஐ.டி.யில் கலாநிதிப் பட்டம் பெற்றபோது வயது 18. (நானும் என் வகுப்புத் தோழிகளும் இதை வாசித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.) 1989 இல் அங்கே இயங்கத் தொடங்கிய 'ஆதித்யா' என்ற டோக்காமக்கை இந்தியர்களே வடிவமைத்தார்கள். அதன் வளையத்தின் ஆரை 75 சென்ரிமீற்றர், குழாயின் ஆரை 25 சென்ரிமீற்றர். ஒரு சாதாரண அறைக்குள் அடங்கிவிடும் அளவு. அந்தச் சிறிய கருவியில், பிளாஸ்மாவின் ஓரத்தில் ஊசி போன்ற உலோக முனைகளை நுழைத்து மின்னழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்று அளந்தார்கள். கொந்தளிப்பு ஒரே சீரான இரைச்சலாக வரவில்லை. சற்று அமைதி, பிறகு திடீரென ஒரு வெடிப்பு என்று விட்டுவிட்டு வந்தது. காவும் அவருடைய கூட்டாளிகளும் 1992 இல் இதை வெளியிட்டார்கள். உலை கட்டுவோருக்கு இது முக்கியமான செய்தி. சுவரை நாள் முழுதும் தூறும் மழைக்கு ஏற்பக் கட்டுவதும், இடையிடையே கொட்டும் பெருமழைக்கு ஏற்பக் கட்டுவதும் ஒன்றல்லவே.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1982 இல், ஜேர்மனியின் கார்ச்சிங் நகரில் பிரிட்ஸ் வாக்னர் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். சூடாக்கும் வலுவைக் கூட்டிக்கொண்டே போகையில் ஓர் எல்லையில் கசிவு கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது. வெப்பம் தங்கும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பானது. ஓரத்தில் அடுத்தடுத்த படைகள் வெவ்வேறு வேகத்தில் ஓடத் தொடங்கி, சுழிகள் பெரிதாகுமுன் அவற்றைக் கிழித்துவிடுகின்றன என்பது பின்னர் தரப்பட்ட விளக்கம். ஈட்டரின் நம்பிக்கை பெருமளவு இதிலேயே தங்கியிருக்கிறது. எனினும் அதன் ஆய்வுகள் தொடங்குவது 2034 இல் என்று 2024 இல் அறிவித்தார்கள்; முன்பு சொன்ன திகதிகள் கடந்துபோய்விட்டன.

கருப்பிணைவில் கழிவே இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அதன் சாம்பல் ஈலியம். பலூனில் அடைக்கும் தீங்கற்ற வாயு. ஆனால் வெளிவரும் நியூத்திரன்கள் சுவரின் உருக்கில் மோதி அதையே கதிர்த்தொழிற்பாடு உடையதாக்கிவிடும். பொருத்தமான உருக்கைத் தெரிந்தெடுத்தால் அது ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் பெரும்பாலும் தணிந்துவிடும் என்று கணித்திருக்கிறார்கள். நூறு ஆண்டுகளைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போகலாம். 24,100 ஆண்டுகளை யாரிடம் சொல்வது?

அந்தச் சாம்பல்தான் நம்மை நிலத்துக்கு அடியில் கொண்டுபோகிறது. பின்லாந்தின் ஒல்கிலுவோத்தோ தீவில் ஏறத்தாழ 430 மீற்றர் ஆழத்தில், 190 கோடி ஆண்டுப் பழைமையான பாறையைக் குடைந்து 'ஒன்காலோ' என்ற சுரங்கத்தை அமைத்திருக்கிறார்கள். எரிந்த எரிபொருளைச் செப்புக் கலங்களில் அடைத்து, நீர்பட்டால் ஊதிப் பருக்கும் களிமண்ணால் சுற்றிப் புதைப்பது திட்டம். அங்கே அஞ்சவேண்டிய எதிரி நீர். பாறையில் ஒரு வெடிப்பு இருந்தால் நீர் வரும். நீர் வந்தால் காலப்போக்கில் கலம் அரிக்கும், உள்ளிருப்பது கசியும். வெடிப்பு எங்கே என்று பார்க்க எங்கும் துளையிட்டால், துளையே நீர் வரும் வழியாகிவிடும். ஆகவே துளைகளைக் குறைத்து, மேலே நின்றபடியே இயன்றளவு அறியவேண்டும்.

இங்கேதான் பரடே வருகிறார். நிலத்தின்மேல் ஒரு கம்பிச் சுருளை விரித்து ஆடலோட்டத்தைச் செலுத்துகிறார்கள். அதன் மாறும் காந்தப்புலம் நிலத்துக்குள் இறங்குகிறது. உள்ளே மின்னைக் கடத்தும் ஏதாவது இருந்தால், உப்புநீர் நிறைந்த வெடிப்போ களிமண்ணோ காரீயமோ, அதில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. தூண்டிய ஓட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதை மேலே இன்னொரு சுருள் பிடித்துக்கொள்கிறது. உலர்ந்த கெட்டிப் பாறை ஏறக்குறைய மௌனமாக இருக்கும். நீருள்ள இடம் பதில் சொல்லும். ஆழத்தைத் தெரிவுசெய்வது மீடிறன். தடைத்திறன் 100 ஓம் மீற்றர் உள்ள நிலத்தில், 1,000 ஹேட்ஸ் அலை ஏறத்தாழ 160 மீற்றர் ஆழத்தில் மூன்றிலொரு பங்காகத் தேய்ந்துவிடும். 10 ஹேட்ஸ் அலைக்கு அந்த ஆழம் 1,600 மீற்றர். பிளாஸ்மாவின் நடுப்பகுதியை அறிவதற்கும் இதே பொதுத் தந்திரம்தான்: ஊசி போகமுடியாத அந்த இடத்துக்கு நுண்ணலைகளை அனுப்பி, திரும்பிவருவதிலிருந்து கொந்தளிப்பைப் படிக்கிறார்கள்.

இந்தக் கருவிகள் அணுக் கழிவுக்கு மட்டும் உரியவை அல்ல. கண்டி நகரின் குப்பை கொட்டப்படும் கொஹாகொட, மகாவலிக் கரையில் இருக்கிறது. மழை பெய்தால் மேட்டிலிருந்து கறுத்த நீர் ஊறும். ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் ஆய்வாளர்கள் அந்த நீரிலுள்ள பார உலோகங்களை அளந்திருக்கிறார்கள். இத்தகைய நீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது சாதாரண நிலத்தடி நீரைவிட நன்றாக மின்னைக் கடத்தும். குப்பைமேடுகளிலிருந்து கசிவு நிலத்தடியில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று வரைய, பல நாடுகளில் மின்காந்த அளவையையும் தடைத்திறன் அளவையையும் கையாளுவது அதனால்தான். நம் மலைநாட்டில் குழாய்க்கிணறு தோண்டுமுன் தடைத்திறனை அளந்து நீருள்ள வெடிப்பைத் தேடுவதும் இதே முறையின் மறுபக்கம். கிணறு தோண்டுபவர் தேடிப்போகும் வெடிப்பைத்தான் கழிவு புதைப்பவர் தவிர்க்கிறார்.

மலைநாட்டின் பாறையும் மிகப் பழையதுதான். ஆனால் பழைமை மட்டும் போதாது. வத்தேகமவிலிருந்து அதிக தூரமில்லாத திகன பக்கத்தில் 2020 இல் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டதைப் பெற்றோர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பின்லாந்து அரசு தன் கழிவுக்கு இடம் தேடும் திட்டத்தை 1983 இல் வகுத்தது. ஒல்கிலுவோத்தோவை அதன் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டது 2001 இல். ஒரு பாறையை நம்புவதற்கு அவர்களுக்குப் பதினெட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. இலங்கையில் ஒரு நாள் உலை கட்டுவதென்று முடிவானால், அதற்கு எந்தக் கடற்கரை என்று கேட்கும் அதே கூட்டத்தில் சாம்பலுக்கு எந்தப் பாறை என்றும் யாராவது எழுந்து கேட்கவேண்டும். அதற்கு விடை தேடி, சுருளையும் கம்பியையும் தூக்கிக்கொண்டு காடுமேடெல்லாம் நடக்க ஆட்களும் வேண்டும். அது எங்கள் வகுப்பிலிருந்தும் போகலாம்.