ஆப்புக்குள் திறக்கும் பக்கத்தை யார் யார் பார்க்கிறார்கள்?

பேர்ணுக்குப் போகும் ரயிலில் இருந்தபடி, ஒரு ஆப்பில் வந்த விளம்பரத்தைத் தட்டி கொழும்புக்கு விமான ரிக்கெற் பார்த்துக்கொண்டிருந்தேன். காசு கட்டும் இடத்துக்கு வந்தாச்சு. பக்கத்தில் இருந்த தம்பியின் மகள் எட்டிப் பார்த்தாள்.

"பெரியப்பா, அதுக்குள்ள காட் நம்பர் அடிக்காதேங்கோ. மேல இருக்கிற மூண்டு புள்ளியை அமத்தி வெளியால திறவுங்கோ."

எங்கே திறந்தால் என்ன, பக்கம் ஒன்றுதானே என்றேன். இல்லையாம்.

அங்கே திறப்பது சஃபாரியோ குரோமோ அல்ல, அந்த ஆப் தனக்குள் வைத்திருக்கும் உலாவி. 'வெப்வியூ' என்பார்கள். அதில் திறந்த பக்கத்துக்குள் ஆப் தன் சொந்த ஜாவாஸ்கிரிப்டை ஓடவிடலாம். ஒரே வரிக் கட்டளையில் பக்கத்தின் மூலநிரல் முழுவதையும் எடுத்துவிடலாம். நீங்கள் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போன பிறகு என்றால், உங்கள் பெயர், விலாசம், கணக்கு மீதி எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். பூட்டுக் குறி இருக்கிறதே என்று ஆறுதல்படவும் முடியாது. அது வழியில் ஒட்டுக்கேட்பவனைத்தான் தடுக்கும், வீட்டுக்குள்ளே இருப்பவனை அல்ல.

2022 ஆகஸ்டில் ஒஸ்திரிய மென்பொருளாளர் பீலிக்ஸ் கிரவுஸ இதை வெளியே கொண்டுவந்தார். ஐபோனில் முகநூலும் இன்ஸ்டகிராமும் பிறருடைய பக்கங்களுக்குள் தங்கள் நிரலைச் செருகுவதைக் காட்டினார். டிக்டொக்கின் நிரலோ தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் கவனிக்கக்கூடியது. தகவலைத் திருடுகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. அதற்கு வழி இருக்கிறது என்றார். பயனரின் தனியுரிமைத் தெரிவை மதிக்கவே அந்த நிரல் என்றது மெற்றா. பிழை திருத்தவும் வேகத்தைக் கண்காணிக்கவும்தான் என்றது டிக்டொக். கூகுள் 2017 முதலே வெப்வியூவுக்குள் தன் கணக்கில் நுழைவதைத் தடுக்கத் தொடங்கிவிட்டது. எனக்கு அந்தச் சாட்சி போதும்.

வெப்வியூவே கூடாது என்பதல்ல. எங்கள் சங்கங்களும் கடைகளும் தங்கள் இணையத்தளத்தையே சுற்றிக் கட்டி ஆப் ஆக்குகின்றன. சொந்தப் பக்கத்தைத் தானே வாசிப்பதில் பிழையில்லை. அடுத்தவரின் பக்கத்தைத் திறக்க ஐபோனில் 'சஃபாரி வியூ கன்ட்ரோலர்', அண்ட்ரொய்டில் 'கஸ்டம் டாப்ஸ்' இருக்கின்றன. அவற்றில் ஆப்பால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது.

வலைத் தொழில்நுட்பத்தை 1993 ஏப்ரல் 30இல் ஜெனிவாவின் சேர்ன் உலகுக்கு இலவசமாக விட்டது. அதே நாட்டில் 2023 செப்டம்பர் 1 முதல் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று எந்த நிறுவனத்திடமும் எழுதிக் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள், காசில்லாமல் பதில் தரவேண்டும். எங்கள் ஆட்களில் கேட்டவர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

ரிக்கெற்றை வெளியால திறந்துதான் எடுத்தேன். விளம்பரத்தில் பார்த்த விலை அதற்குள் ஏறிவிட்டது.