பைட்டை யார் சுமப்பது?

இன்டர்வியூவுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: "ஒரு வெப்பநிலை சென்சார் விநாடிக்கு ஒருமுறை 2 பைட் தருகிறது. அதை எப்படி மெமரிக்குக் கொண்டுவருவாய்?" பலர் யோசிக்காமல் "டிஎம்ஏ, மேடம்" என்பார்கள். போலிங் மட்டம், இன்டரப்ட் பரவாயில்லை, டிஎம்ஏ உசத்தி என்று மனதில் பதிந்துவிட்டது. டிரைவர் எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்த வரிசையில் நம்பிக்கை இல்லை.

கீபோர்டோ டிஸ்க்கோ, கம்ப்யூட்டரில் இருக்கும் சாதனத்துக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் நடுவில் நின்று பேசும் மென்பொருள்தான் டிரைவர். சாதனத்தின் தரவு மெமரிக்கு எந்த வழியில் வர வேண்டும் என்பதை அதை எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். சென்னையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தெருமுனையில் நின்று வண்டி வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தால் போலிங். வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்து, ஹாரன் கேட்டதும் குடத்தோடு ஓடினால் இன்டரப்ட். ஹோஸை நேராக சம்ப்பில் போட்டுவிட்டு, நிரம்பியதும் குரல் கொடுக்கச் சொன்னால் டிஎம்ஏ. முதல் இரண்டிலும் குடம் சுமப்பது பிராசசர். மூன்றாவதில் அதற்கென்றே இருக்கும் தனி வன்பொருள்.

ஹோஸ் இருக்கையில் குடம் எதற்கு? 1983-இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியில் ஹார்ட் டிஸ்க் டிஎம்ஏவைத்தான் பயன்படுத்தியது. அடுத்த ஆண்டு வந்த பிசி ஏடியில் அதை விட்டுவிட்டார்கள்! புதிய 80286 பிராசசர் 16 பிட், 16 பிட்டாகத் தானே வாரிக்கொண்டு போனது. டிஎம்ஏ சிப்போ அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, நொடிக்கு 33 மெகாபைட் தரும் அல்ட்ரா டிஎம்ஏ வந்த பிறகுதான் நிலைமை திரும்பியது.

டிஎம்ஏவுக்கு வேறு செலவுகளும் உண்டு. எந்த முகவரிக்கு, எத்தனை பைட் என்று ஒவ்வொரு முறையும் ஏற்பாடு செய்ய வேண்டும். ஏஆர்எம் போர்டுகள் பலவற்றில் இன்னொரு வில்லங்கம்: சாதனம் மெமரியில் புதிதாக எழுதியிருக்கும், பிராசசரோ தன் கேஷில் கிடக்கும் பழைய நகலைப் படித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒத்துப்போகச் செய்வது டிரைவரின் பொறுப்பு. மறந்தால் எப்போதாவது மட்டும் தலைகாட்டும் பிழை வரும். அதைவிட வெறுப்பேற்றும் பிழை எனக்குத் தெரிந்து இல்லை. 2 பைட்டுக்காக இவ்வளவு பாடு தேவையா? கெர்னல் டைமரை வைத்து விநாடிக்கு ஒருமுறை சென்சாரைப் படித்தால் முடிந்தது வேலை.

இன்டரப்டுக்கும் கணக்கு இருக்கிறது. 9600 பாட் வேகத்தில் சீரியல் போர்ட்டில் நொடிக்கு 960 எழுத்துகள்தான் வரும். எழுத்துக்கு ஒரு இன்டரப்ட் என்றாலும் சமாளிக்கலாம். 115200 பாட் என்றால் 11,520 எழுத்துகள், அதாவது 87 மைக்ரோ விநாடிக்கு ஒன்று. அதனால்தான் 16550 என்ற சீரியல் சிப்பில் 16 பைட் கொள்ளும் சிறு கிடங்கு வைத்தார்கள். 14 சேர்ந்தபின் கூப்பிடு என்று சொல்லிவிட்டால் நொடிக்குச் சுமார் 820 அழைப்புகள்தான்.

நெட்வொர்க்கில் இந்தச் சிக்கல் விசுவரூபம் எடுக்கும். 1 கிகாபிட் ஈதர்நெட்டில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் நொடிக்கு 14.88 லட்சம் வரை வரலாம். ஒவ்வொன்றுக்கும் ஹாரன் அடித்தால், வாசலுக்கு ஓடுவதிலேயே பிராசசரின் பொழுது போய்விடும். பாக்கெட்டைப் பிரிக்க நேரமிருக்காது. ஆய்வாளர்கள் மோகலும் ராமகிருஷ்ணனும் 1996-இல் இதை விரிவாக ஆராய்ந்து வழி சொன்னார்கள். லினக்ஸின் 'நாப்பி' முறையும் அதே திசையில் போகிறது: முதல் பாக்கெட்டுக்கு இன்டரப்ட், உடனே அதை அணைத்துவிட்டுப் போலிங், ஒரு சுற்றில் வழக்கமாக 64 பாக்கெட் வரை. வரத்து ஓய்ந்ததும் மறுபடி இன்டரப்டைத் திறந்து வைக்கும். பாக்கெட்டுகள் மெமரிக்கு வருவது டிஎம்ஏ வழியே. பாடத்தில் தனித்தனி அத்தியாயமாகப் படித்த மூன்றும் ஒரே டிரைவருக்குள்!

மட்டம் என்று ஒதுக்கப்பட்ட போலிங் இன்று அதிவேக என்விஎம்இ டிஸ்க்குகளுக்கும் வந்திருக்கிறது. பதில் சில மைக்ரோ விநாடிகளில் வந்துவிடும் என்றால், தூங்கி எழும் நேரத்தில் காத்தே இருந்துவிடலாம்.

டிரைவர் எழுதப் பழகும் பிள்ளைகளே, குறியீட்டில் கை வைக்கும் முன் டேட்டாஷீட்டில் இரண்டு எண்களைத் தேடுங்கள். நொடிக்கு எத்தனை பைட் வரும்? எத்தனை மைக்ரோ விநாடி தாமதித்தால் ஒரு பைட் தொலையும்? எந்த முறை என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.