இந்த மருந்துக்கு நோய் கேட்குமா?

மாணவ நண்பர்களே, ஒரு தாளில் 'அ' என்னும் எழுத்து இடைவெளியின்றி 26 முறை எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து வேகமாக எழுதுங்கள். 25 எழுதினாலும் 27 எழுதினாலும் உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

நம் உடலின் செல்களுக்கும் இதே தொல்லை உண்டு. செல் பிரிவதற்கு முன் டி.என்.ஏ. நகலெடுக்கப்படுகிறது. ஒரே வேதி எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்களில் எண்ணிக்கை தவறிவிடுகிறது. அச்சகத்தில் பிழை திருத்துபவர் இருப்பதுபோல், இத்தவறுகளைக் கண்டு திருத்தும் புரதங்கள் செல்லுக்குள் இருக்கின்றன. இவை இயங்கும் முறையை விளக்கிய பால் மாட்ரிச், 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற மூவருள் ஒருவர்.

இரைப்பைப் புற்றுநோயாளர் சிலரின் கட்டியில் இப்புரதங்கள் செயலற்றுப் போயிருக்கும். இதை எப்படி அறிவது? நீங்கள் படிக்கும் இயற்பியலே இங்கு உதவுகிறது! டி.என்.ஏ. துண்டு எதிர் மின்னூட்டம் உடையது. மின்புலத்தில் வைத்தால் நேர்மின்வாயை நோக்கி நகரும். கூழ் போன்ற பொருளின் ஊடே குறுகிய துண்டு விரைவாகவும் நீண்ட துண்டு மெதுவாகவும் செல்லும். கட்டியின் துண்டுகளையும், அதே நோயாளியின் நலமான திசுவின் துண்டுகளையும் ஓடவிட்டு ஒப்பிட்டால், எங்கே நீளம் மாறியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இதனால் என்ன பயன்? இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவையுடன் கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சையும் தருவது வழக்கம். அதன் பலனை 2006-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அறுவை மட்டும் செய்தவர்களில் 100-க்கு 23 பேரும், மருந்தும் பெற்றவர்களில் 36 பேரும் 5 ஆண்டுகள் கடந்தும் உயிருடன் இருந்தனர். ஆனால் 2019-இல் நான்கு ஆய்வுகளைச் சேர்ந்த 1,556 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது வியப்பான உண்மை ஒன்று தெரிந்தது. நீளம் மாறிய கட்டியுடைய 121 பேருக்குக் கீமோதெரபியால் கூடுதல் பலன் காணப்படவில்லை! மற்றவர்களுக்கோ பலன் இருந்தது.

காரணம் என்ன? ஒரு விளக்கம் இது: ஃபுளூரோயுராசில் என்னும் மருந்து டி.என்.ஏ.வுக்குள் தவறான எழுத்தாகப் புகுகிறது. பிழை திருத்தும் புரதங்கள் அதைக் கண்டு செல்லை அழிவுக்குத் தள்ளுகின்றன. காவலாள் இல்லாத செல் அந்தப் பிழையைப் பொருட்படுத்தாமல் வாழ்கிறது.

அப்படியானால் இவர்களுக்குக் கீமோதெரபியே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். 121 என்பது சிறிய எண்ணிக்கை. கட்டியின் நிலை முதலியவற்றையும் மருத்துவர் பார்ப்பார். மேலும் இத்தகைய கட்டிகள் பல, உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய மருந்துகளுக்கு நன்கு கேட்கின்றன.

கீமோதெரபி எளிதன்று. வாந்தி, சோர்வு, இரத்த வெள்ளணுக் குறைவு என்று நோயாளி படும் பாடு பெரிது. பலன் உண்டென்றால் அதைத் தாங்கலாம். பலன் இல்லையென்றால்? ஓர் எழுத்துக் கூடியதா, குறைந்ததா என்று எண்ணிப் பார்க்கும் இச்சிறு அளவீடு, அந்தத் துன்பத்திலிருந்து ஒருவரைக் காக்கலாம் அல்லவா?