பேனாவைத் தொடாதே என்றார் டாக்டர்... பிறந்தது ஒரு 'பைத்தியக்காரி'யின் கதை!

நன்றாகச் சாப்பிட வேண்டும். படுத்தே கிடக்க வேண்டும். உடம்பு தேறிய பிறகும் வீடு, குழந்தை என்று இருந்துவிட வேண்டும். ஆயுளுக்கும் பேனாவைத் தொடக் கூடாது!

1887-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் தவித்த சார்லட் பெர்கின்ஸ் கில்மனுக்குக் கிடைத்த சிகிச்சை இது. கொடுத்தவர், அன்றைய புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல்.

சுமார் மூன்று மாதங்கள் சொன்னபடி கேட்டார் சார்லட். புத்தி பேதலிக்கும் நிலை வந்தபோது, டாக்டரின் அறிவுரையை உதறிவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினார். அந்த அனுபவத்திலிருந்து 1892-ல் வெளியான சிறுகதைதான் 'தி யெல்லோ வால்பேப்பர்'.

கதையில் வரும் கணவன் ஜானும் டாக்டர்தான். கொடுமைக்காரன் இல்லை. மனைவியைக் குழந்தைபோலக் கொஞ்சுகிறான். அவள் பேச்சையும் குழந்தைப் பேச்சாகவே எடுத்துக்கொள்கிறான். ஜன்னலில் கம்பி போட்ட மாடி அறையில் ஓய்வெடுக்கிறாள் அவள். காலடிச் சத்தம் கேட்டால், எழுதுவதை ஒளித்துவைக்கிறாள். பேச்சுக்கு ஆளில்லை. பார்க்க இருப்பது, சுவரில் ஒட்டிய அழுக்கு மஞ்சள் காகிதம் மட்டும்தான். நாளாக ஆக, அந்தக் காகிதத்தின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் சிக்கிக்கொண்டு, கம்பிகளை உலுக்குவது தெரிகிறது. கடைசியில் காகிதத்தைக் கிழித்தெறிந்து, சுவரோரமாகத் தவழ்கிறாள். பார்த்த ஜான் மயங்கி விழ, அவனையும் தாண்டித் தவழ்கிறாள்.

'பெண்ணின் ஆசை' என்றதுமே நம் மனம் காதல், காமம் என்றுதான் போகிறது. இவள் ஆசைப்பட்டது எழுதவும், நாலு பேரோடு பேசவும்தான். அதைக்கூட நோயாகப் பார்த்தால், ஆசை வேறு எங்கே போகும்? சுவருக்குள்தான்!

அதே மிட்செல், நரம்புத்தளர்ச்சி என்று வந்த ஆண்களை என்ன செய்யச் சொன்னார் தெரியுமா? 1885-ல் ஓவன் விஸ்டர் என்ற இளைஞரை வயோமிங் பண்ணைக்கு அனுப்பினார். குதிரைச் சவாரியும் வேட்டையுமாகத் தேறிய விஸ்டர், அந்த அனுபவங்களைக் கொண்டே புகழ்பெற்ற நாவலாசிரியர் ஆனார். ஆணுக்குக் குதிரை, பெண்ணுக்குக் கட்டில்!

பல காலம் வெறும் திகில் கதையாகப் படிக்கப்பட்ட இது, 1973-ல் ஒரு பெண்ணியப் பதிப்பகம் தனி நூலாக வெளியிட்ட பிறகே புதிய வெளிச்சம் பெற்றது.

முடிவைப் படித்து அதிர்ந்தவர்கள், கதையின் ஆரம்பத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஜன்னலெல்லாம் ரோஜா படர்ந்த கீழ் அறை வேண்டும் என்றுதான் அவள் முதலில் கேட்கிறாள். அப்போது அவளுக்குப் பைத்தியம் இல்லை.

ஜான் காதில்தான் விழவில்லை.