பழைய ஜீப்புக்குப் புது வேஷம் எதற்கு? தோணிரேவு மணலுக்குக் காற்றைக் குறைத்தால் போதும்!

சனிக்கிழமை வரை ஆபீசுக்குப் போகிற ஜீப். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மணலில் இறங்க வேண்டும். பழைய மகிந்திராவோ ஜிப்ஸியோ வைத்திருக்கும் சென்னைவாசிகள் பலருக்கும் இந்த ஆசை உண்டு.

ஆசை வந்ததும் எங்கே ஓடுகிறார்கள்? மணலுக்கு அல்ல, ஒர்க்ஷாப்புக்கு!

"சார், நாலு இஞ்ச் தூக்கிடலாம். டயரைப் பெரிசா மாத்திடலாம். முன்னாடி ஒரு இரும்பு பம்பர், மேலே நாலு லைட்டு. வண்டி சும்மா ராஜா மாதிரி நிக்கும்!" என்று ஆரம்பிப்பார்கள். பில் வரும்போது வண்டி நிற்கும். நாம்தான் நிற்க முடியாது.

இத்தனையும் தேவைதானா? பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு பக்கம் போய், காலடியில் இருக்கும் மண்ணைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

மண் மூன்று வகை

சென்னையிலிருந்து பொன்னேரி வழியாகப் போனால் சுமார் 60 கிலோ மீட்டர். ரேவு என்றால் துறை. தோணி ஒதுங்கும் துறை, தோணிரேவு. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் ஊர்ப் பெயரிலும் தெலுங்கு வாடை.

இந்த வட்டாரத்தில் தார் ரோட்டை விட்டு இறங்கினால் மண் மூன்று வகை. ஒன்று, குப்பங்களுக்குப் போகும் மணல் பாதை. இரண்டு, கடலோரத்து மணல். மூன்று, ஏரியோரச் சேறு. முதலாவதில் போகலாம். இரண்டாவதில் போகக் கூடாது. மூன்றாவதில் போனால் திரும்பி வரமாட்டீர்கள்!

மெரினாவில் நடந்து பாருங்கள்

மணலில் வண்டி ஏன் புதைகிறது? என்ஜினுக்குச் சக்தி போதவில்லை என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிப்பவர்கள்தான் அதிகம். மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும்.

குதிகால் உயர்ந்த செருப்போடு மெரினா மணலில் நடந்து பாருங்கள். பிறகு வெறுங்காலோடு நடந்து பாருங்கள். டயர் கதையும் அதுதான். காற்று விறைப்பாக இருந்தால் டயர் மணலை அறுத்துக்கொண்டு கீழே போகும். காற்றைக் குறைத்தால் டயர் பரந்து படியும். தரையைத் தொடும் பாகம் நீளும். அதே எடை அதிக இடத்தில் பரவுவதால் வண்டி மேலேயே நிற்கும்.

ரோட்டில் 28, 30 பவுண்டு வைத்து ஓட்டும் ஜீப்புக்கு மணலில் 16 முதல் 18 போதும். கழுத்து வரை மாட்டிக்கொண்டால் 12 வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். டியூப் டயர் போட்ட பழைய ஜீப் என்றால் 18-க்குக் கீழே இறக்காமல் இருப்பதே நல்லது. ரிம்மில் டயர் வழுக்கும்போது உள்ளே டியூப் இழுபட்டு, வால்வு பிய்ந்துகொண்டு வரும்.

தார் ரோடு வந்ததும் மறுபடி காற்றை ஏற்றியாக வேண்டும். தொளதொள டயரோடு பொன்னேரி ரோட்டில் பறந்தால் டயர் சூடேறி வெடிக்கும். ஆகவே வாங்க வேண்டிய சாமான் இரண்டே இரண்டு: காற்று பார்க்கும் கேஜ், பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரெசர். கால் பம்ப் இருந்தாலும் சரிதான். நாலு டயருக்கும் அடித்து முடிப்பதற்குள் காலையில் தின்ற இட்லி ஜீரணமாகிவிடும், அவ்வளவுதான்.

இது நேற்று முளைத்த வித்தை அல்ல. 1920-களில் எகிப்தில் வேலை பார்த்த பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ என்ஜினீயர், சாதாரண ஃபோர்டு கார்களை வைத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்தைச் சுற்றினார். அவற்றில் ஃபோர் வீல் கிடையாது! டயரில் காற்றைக் குறைத்தார். புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் போட இரும்புத் தகடு வைத்துக்கொண்டார். அந்தத் தகடு கிடைத்த இடம் எது தெரியுமா? கெய்ரோவில் ஒரு பழைய இரும்புக் கடை! நமக்குப் புதுப்பேட்டை இல்லையா? தகடு கிடைக்காவிட்டால் இரண்டு பலகை, நாலு கோணிப்பை, ஒரு மண்வெட்டி. போதும்.

இரண்டாவது லீவர் அசைகிறதா?

வண்டியில் ஃபோர் வீல் இருக்கிறது என்பது வேறு. அது வேலை செய்கிறது என்பது வேறு. வருஷக்கணக்கில் ஆபீசுக்கும் வீட்டுக்கும் போன ஜீப்பில் இரண்டாவது லீவரை யாரும் தொட்டே இருக்கமாட்டார்கள். தொட்டால் அசையாது.

ஜிப்ஸியில் இன்னொரு கூத்து. முன் சக்கரத்து ஹப்பைக் கையால் திருகிப் பூட்ட வேண்டிய மாடல்கள் உண்டு. அதைப் பூட்டாமல் உள்ளே லீவரை மட்டும் போட்டுவிட்டு, "ஃபோர் வீல் போட்டும் ஏறலையே" என்று புலம்புகிறவர்களைப் பார்க்கலாம். முன் சக்கரத்துக்குச் சக்தி போனால்தானே ஏறும்!

அதேபோல், இந்தப் பழைய வண்டிகளைத் தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். மணல் அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும். தார் கொடுக்காது. பல் சக்கரம்தான் அடி வாங்கும்.

கையில் இருக்கும் பணத்தை முதலில் பிரேக், ஸ்டீயரிங் ஆட்டம், கிளட்ச், ரேடியேட்டர் ஆகியவற்றில் போடுங்கள். மணலில் லோ கியரில் மெதுவாக உறுமிக்கொண்டு போகும்போது என்ஜின் சூடேறும்; ரேடியேட்டரில் காற்றும் அதிகம் வீசாது. அண்ணா சாலையில் தாக்குப்பிடித்த ரேடியேட்டர் அங்கே கை விரித்துவிடும். அடுத்து, ஸ்பிரிங் பட்டை. இருபது வருஷம் சுமந்த பட்டை தொங்கிப் போயிருக்கும். அதைக் கம்பெனி உயரத்துக்குக் கொண்டுவந்தாலே போதும். நாலு இஞ்ச் தூக்கினால் புரொபெல்லர் ஷாஃப்ட் கோணம் கெடும், வளைவில் வண்டி சாயும். பெரிய டயர் போட்டால் இழுவை குறையும், ஸ்பீடா மீட்டர் பொய் சொல்லும், பிரேக் பிடிக்கத் திணறும். திங்கட்கிழமை காலையில் பாடி பாலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் போகப்போவதும் இதே வண்டிதான்!

மாற்றினால் மாட்டுவீர்கள்

சட்டம் வேறு இருக்கிறது. கம்பெனி சொன்ன அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

15 வருஷம் தாண்டிய ஜீப்புக்கு ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகவேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-ல் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியதற்கு 2025-ல் 10,000 ஆனது. அங்கே நாலு இஞ்ச் உயர்ந்து நிற்கும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்? போட்ட காசையும் கழற்றக் காசையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உப்பு தின்னும் இரும்பு

மணல் வண்டியைப் பிடித்து வைக்கும். உப்பு வண்டியைத் தின்றே விடும். பழவேற்காடு ஏரியில் ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கின்றன. அந்தச் சேறு சேசிஸ் இடுக்கில் ஒட்டிக்கொண்டால் பிரேக் குழாய் வரை அரித்துவிடும். வீடு திரும்பிய அன்றைக்கே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டால் சேறு காய்ந்து கல்லாகிவிடும்.

கஞ்சத்தனமாகச் செய்யக்கூடிய நல்ல வேலை ஒன்று உண்டு. ஆக்சிலின் மேல் மூச்சு விட ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஓடிச் சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து, அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். உள்ளே இருக்கும் ஆயில் பால் காபி நிறத்துக்கு வந்துவிடும். அந்த இடத்தில் ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி, மேலே பானெட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் தீர்ந்தது. செலவு ஹோஸ் விலைதான்!

ஏரியில் இறங்காதீர்கள்

கோடையில் ஏரி வற்றி, ஓரம் முழுக்கக் காய்ந்து வெடித்துக் கிடக்கும். பார்த்தால் கிரிக்கெட் மைதானம் மாதிரி இருக்கும். மேலே ஓடு மட்டும்தான் காய்ந்தது. கீழே களிமண் சேறு. சக்கரம் ஓட்டை உடைத்தால் வண்டி வயிற்றோடு உட்காரும். அங்கே காற்றைக் குறைத்தும் பயனில்லை.

வண்டி போனால் நம் காசு. ஆனால் அந்தச் சேறு பிறருடைய சோறு. ஏரியின் சராசரி ஆழமே சுமார் ஒரு மீட்டர்தான். ஆழமில்லாத தண்ணீரில் கையால் தடவியே இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர்கள் இங்கே இருக்கிறார்கள். பூநாரை இரை தேடுவதும் அதே சேற்றில்தான். தமிழகப் பகுதி 1980-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. அனுமதி இல்லாமல் ஏரிக்குள் வண்டி இறக்கினால் வனத்துறை சும்மா விடாது.

கடலோர மணலும் அப்படியே. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம். முட்டை மணலுக்குள் இருப்பதால் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. பொரித்துக் கடலுக்கு ஓடும் குஞ்சு, டயர் தடத்தில் விழுந்தால் ஏறி வர முடியாது.

மிச்சம் இருப்பது குப்பத்து மணல் பாதை. அதில் போகும்போதும் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் மணல் இளகியிருக்கிறது, எங்கே வலை காய்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

எல்லாம் செய்தும் மாட்டிக்கொண்டால்? மீனவர் கிராமங்களில் படகு இழுக்க டிராக்டர் வைத்திருப்பது உண்டு. கேட்டால் வருவார்கள், டீசல் காசு கொடுத்துவிடுங்கள். இரும்புச் சங்கிலி வேண்டாம், அறுந்தால் ஆளைக் கொல்லும். தடித்த நைலான் கயிறாக இருக்கட்டும். அதன் நடுவில் நனைத்த கோணி ஒன்றைப் போட்டு, எல்லோரும் தள்ளி நிற்க வேண்டும். கயிறு மாட்டும் கொக்கி சேசிஸில் போல்ட் போட்டதாக இருக்க வேண்டும். பம்பரில் கட்டினால், டிராக்டரோடு பம்பர் மட்டும் போகும்!